வாய்ப்பூட்டும் விண்ணப்பமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சரித்திரத்தைக் கற்கும் மாணவருட் பலர் அதனைப் போர்களின் வரிசையாகவும் ஜனாதிபதிகளின் வரிசையாகவுமே மனத்திற் பதித்துக் கொள்கின்றனர். 1776, 1787, 1861, 1865 என்னும் ஆண்டுகள் நாவிற் பழகிவிடுகின்றன. வாஷிங்டனும் லிங்கனும் இரு மலைகளென நிற்கின்றனர். இடையிலுள்ள சமவெளியை எவரும் நின்று நோக்குவதில்லை. எமது கருத்து இதனின் வேறானது. அந்நாட்டார் தம் சுதந்தரத்தை எவ்வளவு உண்மையாக எண்ணினர் என்று அறிய விரும்புவோர், 1836 முதல் 1844 வரை அவர்தம் பிரதிநிதிகள் சபையில் நடந்த ஒரு பூசலையே முதலிற் படித்தல் வேண்டுமென்று துணிந்து கூறுவோம். அப்பூசலில் துப்பாக்கி வெடிக்கவில்லை. காகிதங்களை வாங்கலாமா, வாங்கலாகாதா என்பதே வழக்கு.

1787ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற அரசியற் சட்டத்தில் அடிமை என்னும் சொல்லே இல்லை. சொல்லை விலக்கிய அப்பெரியோர் பொருளை விலக்கினாரல்லர். ஒவ்வொரு மாகாணத்திற்கும் எத்தனை பிரதிநிதிகள் என்று கணக்கிடும்போது, அடிமைகளில் ஐவரை மூவராக எண்ணவேண்டுமென்று விதித்தனர். அதனால் வாக்குரிமையற்ற அடிமையின் தலையெண்ணே அவனை ஆண்டவனுக்குச் சபையில் மிகுதியான இடங்களை ஈட்டித் தந்தது. இவ்விதியினும் கொடிய நகைச்சுவை எச்சட்ட நூலிலேனும் உண்டோ என்று ஐயுறுகிறோம். ஆயின் 1791இல் அதே சட்டத்தோடு சேர்க்கப்பெற்ற முதற்றிருத்தம், குறை தீர்க்குமாறு அரசாங்கத்திடம் விண்ணப்பித்துக் கொள்ளும் உரிமையை மக்களிடமிருந்து காங்கிரஸ் பறித்தலாகாது என்று உறுதி செய்தது. ஒரே சட்டத்தின் இவ்விரு பகுதிகளும் ஒருநாள் முட்டிக்கொள்ளாமற் போகுமா?

மாகாணங்களுக்குள் நிலவிய அடிமை முறையிற் கைவைக்கக் காங்கிரஸுக்கு அதிகாரமில்லை என்பது அக்காலத்திற் பெரும்பாலோர் ஒப்பிய கொள்கை. ஆனால் தலைநகரமாகிய வாஷிங்டனும் அதனைச் சூழ்ந்த கொலம்பியா வட்டமும் எம்மாகாணத்திற்கும் உட்படாதவை. காங்கிரஸின் நேர் ஆட்சிக்கு உரியவை. அங்கும் மனிதர் சங்கிலியிற் பிணிக்கப்பட்டு விற்கப்பட்டனர். ஆதலின், மற்றிடங்களை விடுத்து இவ்வொரு வட்டத்திலேனும் அடிமைத்தனத்தை ஒழியுங்கள் என்று கேட்பதிற் சட்டத்தடை ஒன்றுமில்லை. 1833ஆம் ஆண்டு டிசம்பரில் பிலடெல்பியாவிற் கூடிய அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கத்தார் இவ்வாயிலைக் கண்டுகொண்டனர். அதன்பின் வட மாகாணங்களிலிருந்து விண்ணப்பங்கள் ஒன்றிரண்டாக அல்ல, ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கின.

அவற்றை எழுதியோர் யார்? இதனைச் சற்று நிதானித்துப் பார்த்தல் தகும். கையொப்பமிட்டோரிற் பெருந்தொகையினர் பெண்கள். அவர்களுக்கு வாக்கு இல்லை. மணமான பெண்ணின் கூலியும் சொத்தும் பெரும்பாலும் கணவனுக்கே உரியவை. பொதுமேடையில் ஏறிப் பேசினால் குருமார் கடிந்தனர். அவர்கட்கென எஞ்சியிருந்தது விண்ணப்பிக்கும் உரிமை ஒன்றே. அச்சிட்ட படிவங்களைக் கையிலேந்தி, தெருத்தெருவாக நடந்து, கதவுகளைத் தட்டி, சிலரிடம் வசையும் சிலரிடம் தேநீரும் பெற்று, கையொப்பங்களைச் சேர்த்தனர். காகிதத்தோடு காகிதத்தை ஒட்டிச் சுருளாகச் சுற்றி வாஷிங்டனுக்கு அனுப்பினர். 1837ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க்கிற் கூடிய அமெரிக்கப் பெண்களின் அடிமை ஒழிப்பு மகாநாடு இப்பணியை ஒழுங்குபெற வகுத்தது. தென் கரோலினாவில் அடிமைகளை உடைய செல்வக் குடும்பத்திற் பிறந்து, அவ்வாழ்வை வெறுத்து வடக்கே வந்த சாரா கிரிம்கே, ஆஞ்செலினா கிரிம்கே என்னும் சகோதரிமார் இப்பணியில் முன்நின்றனர்.

மடியிற் கனமிருந்தால் வழியிற் பயம். 1831இல் வெர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் நிகழ்ந்த அடிமைக் கலகத்திற்குப்பின் தென்னாட்டு எசமானருக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அவ்வாண்டின் முதல் நாளிலேதான் பாஸ்டனில் வில்லியம் லாய்ட் காரிஸன் தம் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். 1835இல் சார்ல்ஸ்டன் நகரத்தார் தபால் நிலையத்துட் புகுந்து, வடக்கிலிருந்து வந்த அடிமை ஒழிப்பு வெளியீடுகளை அள்ளித் தெருவிலிட்டுக் கொளுத்தினர். தபாலை எரிக்கலாம், சபைக்கு வரும் விண்ணப்பத்தை எரித்தல் கூடுமா? கூடாதாகலின் வேறொரு தந்திரம் தேடினர். 1835ஆம் ஆண்டு டிசம்பரில் தென் கரோலினாப் பிரதிநிதி ஹம்மாண்ட், இத்தகைய விண்ணப்பங்களை ஏற்கவே கூடாதென்று எழுந்தார். மாதக்கணக்கில் விவாதம் நடந்தது. இறுதியில் அதே மாகாணத்துப் பிங்க்னி என்பவர் தலைமை தாங்கிய குழு ஒரு நடுவழியைக் கொணர்ந்தது. அடிமைத்தனத்தைக் குறித்து எவ்வகையிலேனும் வரும் எல்லா விண்ணப்பங்களும், அச்சிடப்பெறாமலும் குழுவிற்கு அனுப்பப்பெறாமலும், மேசைமீது வைக்கப்படல் வேண்டும். அதற்குமேல் யாதொரு நடவடிக்கையும் கூடாது. 1836 மே 26இல் இத்தீர்மானம் 117க்கு 68 என்னும் வாக்குகளால் நிறைவேறிற்று. அந்நாட்டார் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் வாய்ப்பூட்டு விதி எனலாம். வடநாட்டுப் பிரதிநிதிகள் பலரும் தம் கட்சிக்குத் தெற்கின் தயவு வேண்டி இதற்கு வாக்களித்தனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. பூட்டைத் தெற்கு செய்தது. சாவியைத் திருகிய கைகளிற் பல வடக்கினுடையவை.

இவ்விடத்தே ஒரு முதியவர் தோன்றுகிறார். ஜான் குவின்சி ஆடம்ஸ் அந்நாட்டின் ஆறாம் ஜனாதிபதி. 1828 தேர்தலில் ஆண்ட்ரு ஜாக்ஸனிடம் தோற்றவர். தோற்ற ஜனாதிபதி தோட்டத்தில் உலாவிக் காலங்கழிப்பதே மரபு. இவரோ 1830இல் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் ஒரு தொகுதியிற் பிரதிநிதியாகத் தேர்வுபெற்று, தாம் தலைமை வகித்த அரசின் ஒரு சாதாரண நாற்காலியில் வந்தமர்ந்தார். குளிர்ந்த முகமும் கூரிய நாவும் உடையவர். நண்பர் சிலரே. இவரைத் தொடக்கத்திலேயே அடிமை ஒழிப்புத் தலைவராகப் புனைந்துரைப்போர் உளர், அஃது உண்மையன்று. 1831 டிசம்பரில் பென்ஸில்வேனியாக் குவேக்கர்களின் விண்ணப்பங்கள் பதினைந்தைச் சபையில் வைத்தபோதே, கொலம்பியா வட்டத்தில் அடிமையை ஒழிக்குமாறு கேட்கும் பகுதியைத் தாம் ஆதரிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். இதுவே எமக்கு அவர்பால் மதிப்பை மிகுவிக்கிறது. தாம் உடன்படாத விண்ணப்பத்தையும், விண்ணப்பம் என்னும் ஒரே காரணத்தால், சபையிற் சேர்ப்பிக்கக் கடமைப்பட்டவராக அவர் தம்மை எண்ணினார். வாய்ப்பூட்டு விதி வந்த நாளில், தம் வாயும் பூட்டப்பட்டதோ என்று சபாநாயகர் போக்கை நோக்கிக் கேட்டு, இது அரசியற் சட்டத்திற்கும் சபையின் விதிகளுக்கும் தம்மைத் தேர்ந்த மக்களின் உரிமைக்கும் மாறானது என்று முழங்கினார். அமருமாறு கூச்சலிட்டனர்; அமர்ந்தார். மறுகூட்டத்தில் மீண்டும் எழுந்தார்.

அவருடைய குறும்பும் சிறிதன்று. 1837 பிப்ரவரி 6ஆம் நாள், அடிமைகளிடமிருந்து வந்ததாகத் தோன்றும் ஒரு விண்ணப்பம் தம் கையிலிருப்பதாகவும், அது விதிக்கு உட்படுமோ என்று தெரிய விரும்புவதாகவும் மிக்க பணிவோடு சபாநாயகரை வினவினார். சபை தீப்பற்றியது போலாயிற்று. அடிமையும் விண்ணப்பிப்பதா? இவரைத் தண்டியுங்கள், வெளியேற்றுங்கள் என்று தென்னாட்டார் எழுந்தெழுந்து தீர்மானம் கொணர்ந்தனர். அவர்கள் பேசிக் களைத்தபின் ஆடம்ஸ் ஓர் உண்மையை மெல்ல வெளியிட்டார்: அவ்விண்ணப்பம் அடிமைத்தனத்தை ஒழிக்கக் கேட்கவில்லை, ஒழிக்க வேண்டாவென்றே கேட்கிறது! கண்டனம் தோற்றது. எனினும் அச்சபை, விண்ணப்பிக்கும் உரிமை அடிமைகளுக்கு இல்லையென்று வெளிப்படையாகத் தீர்மானித்துத் தன் பெயரை என்றும் அழியாத களங்கத்திற்கு ஆளாக்கிற்று. ஆடம்ஸ் வெளியிட்ட செய்தியால் அன்று சபையில் நகைத்தோர், இத்தீர்மானத்தை எண்ணி வீட்டிற்குச் சென்று வருந்தியிருக்க வேண்டும். வருந்தினரோ, யாம் அறியோம்.

மறு ஆண்டு, டெக்ஸாஸ் நாட்டை ஐக்கியத்திற் சேர்க்கலாகாது எனப் பெண்கள் அனுப்பிய விண்ணப்பங்களைக் குறித்து மேரிலாந்துப் பிரதிநிதி ஹவர்ட், பெண்கள் அரசியலில் தலையிடுதல் அவர்தம் பெண்மைக்கு இழுக்கு என்று பேசினார். ஆடம்ஸ் விடைகூறத் தொடங்கினார். நாள்தோறும் காலையிற் கிடைத்த சிறு நேரத்தில் பேசிப் பேசி, 1838 ஜூன் நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை அவ்வுரையை நீட்டினார். வேதாகமத்துத் தெபொராளையும் எஸ்தரையும் சாட்சிக்கு அழைத்தார். புரட்சிப் போரிற் பங்கு கொண்ட பெண்களை நினைவூட்டினார். தன் மக்களின் உயிருக்காக அரசன்முன் விண்ணப்பித்த எஸ்தரைப் போற்றும் ஒரு கிறிஸ்தவ நாடு, அதே செயலைத் தன் பெண்கள் செய்யும்போது எவ்வாறு நாணமென்று கூறும்?

1842இல் வந்தது பெருஞ்சோதனை. மாஸச்சூஸெட்ஸிலுள்ள ஹேவரில் என்னும் ஊரினின்று 46 குடிமக்கள், ஐக்கியத்தையே அமைதியாகக் கலைத்துவிடுமாறு கேட்டு ஒரு விண்ணப்பம் விடுத்தனர். அதனை ஆடம்ஸ் சபையில் வைத்து, ஏன் கலைக்கலாகாது என்று விளக்கி விடையளிக்குமாறு ஒரு குழுவிற்கு அனுப்பச் சொன்னார். தென்னாட்டார் இதனையே காத்திருந்தனர் போலும். ஐக்கியத்தைக் கலைப்போம் என்று தாமே ஆண்டுதோறும் அச்சுறுத்திய வாய்கள், அச்சொல்லை ஒரு வடநாட்டுக் காகிதத்திற் கண்டவுடன் இராஜத்துரோகம் என்று அலறின. கென்டக்கிப் பிரதிநிதி மார்ஷல் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். குற்றவாளியின் வயது 74. அவர் முதலிற் செய்த செயல், சுதந்தரப் பிரகடனத்தின் தொடக்கப் பகுதியைப் படிக்குமாறு சபையின் எழுத்தரைக் கேட்டதாகும். அரசாங்கத்தை மாற்றவும் நீக்கவும் மக்களுக்கு உரிமையுண்டு என்று கூறும் அப்பகுதி படிக்கப்பட்டபோது, யார் யாரைக் குற்றஞ்சாட்டுகின்றனர் என்பதே மாறிப்போயிற்று. ஏறத்தாழ இரு வாரம் அவர் தம் வழக்கைத் தாமே நடத்தினார். பழைய ஆவணங்களைத் தேடித் தருவதில் தியோடோர் வெல்ட் என்னும் அடிமை ஒழிப்பாளர் அவருக்குத் துணைநின்றார். தம் பேச்சை முடிக்க இன்னும் ஒரு வாரம் வேண்டுமென்று ஆடம்ஸ் கூறியதும் எதிரிகள் தளர்ந்தனர். பிப்ரவரி 7இல் 106க்கு 93 என்னும் வாக்குகளால் அக்கண்டனமே மேசைமீது வைக்கப்பட்டது. விண்ணப்பங்களைப் புதைக்க அவர்கள் தோண்டிய குழி அவர்கள் தீர்மானத்திற்கே பயன்பட்டது. அடுத்த மாதம் ஓஹையோவின் ஜோஷுவா கிட்டிங்ஸ் மீது கண்டனத்தை நிறைவேற்றினர். அவரோ பதவியைத் துறந்து, தம் ஊராரிடம் சென்று, மீண்டும் தேர்வுபெற்று வந்து அதே இடத்தில் அமர்ந்தார்.

1840இல் நிலையான விதியாக்கப்பட்டு, விண்ணப்பங்களை ஏற்பதையே தடுக்குமளவிற்கு இறுக்கப்பட்டிருந்த இவ்வாய்ப்பூட்டு, 1844 டிசம்பர் 3ஆம் நாள் ஆடம்ஸ் கொணர்ந்த தீர்மானத்தால் 108க்கு 80 என்னும் வாக்குகளோடு நீக்கப்பட்டது.

இனி எம் கருத்தைச் சொல்வோம். இவ்விதி இயற்றப்பெறாதிருப்பின், அடிமை ஒழிப்பு இயக்கம் இன்னும் பல்லாண்டு ஒரு சிறு கூட்டத்தின் வேட்கையாகவே நின்றிருக்கும். வட மாகாணத்து உழவனும் கடைக்காரனும் அடிமையின்பால் இரக்கம் மிக்கவர் என்று எண்ணுதல் பிழை. அவர்களுட் பலர் கறுப்பின மக்களை இழிவாகவே நடத்தினர். காரிஸனைப் பாஸ்டன் வீதியில் 1835இல் இழுத்துச் சென்ற கும்பல் தெற்கிலிருந்து வந்ததன்று. அத்தகையோரும், தம் ஊர் அனுப்பிய காகிதம் படிக்கப்படாமற் கிடக்கிறது என்று கேட்டபோது விழித்தனர். 1837இல் இல்லினாய் மாகாணத்து ஆல்டன் நகரில், தம் அச்சுப்பொறியைக் காக்க நின்ற எலைஜா லவ்ஜாய் சுட்டுக் கொல்லப்பட்டதும், மறு ஆண்டு பிலடெல்பியாவில் கட்டி முடித்துத் திறந்த பென்ஸில்வேனியா மண்டபம் நான்காம் நாளே கொளுத்தப்பட்டதும் இவ்விழிப்பைப் பெருக்கின. தெற்கே ஒருவனை அடிமையாக வைத்திருத்தற்கு வடக்கே மற்றொருவன் வாய்மூடியிருக்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். இவ்வுணர்ச்சியை எந்தச் சொற்பொழிவாளனும் ஊட்டியிருத்தல் அரிது. ஊட்டியது பிங்க்னியின் தீர்மானமே.

விண்ணப்பத்தால் ஓர் அடிமையேனும் விடுதலை பெற்றானோ, போரன்றோ விடுவித்தது என்று கேட்போர்க்கு, ஆம், போரே விடுவித்தது என்று ஒப்புகிறோம். ஆறு இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்ட அப்போரை எவர் மறப்பார்? ஆனால் அக்கேள்வியைக் கேட்போர் பெரும்பாலும் சமரசம் செய்த ஹென்றி கிளே போன்றாரையே உண்மையான இராஜதந்திரிகள் எனப் போற்றுகின்றனர். அதனோடு எம்மால் உடன்பட இயலவில்லை. 1820இல் மிஸ்ஸௌரியை அடிமை மாகாணமாகவும் மெய்னைச் சுதந்தர மாகாணமாகவும் சேர்த்து, வரைபடத்தில் ஒரு கோடிட்டுச் சமரசம் செய்தனர். அக்கோடு 1854இல் அழிக்கப்பட்டது. 1850இல் மற்றொரு சமரசம். அதன் விலை, தப்பியோடிய அடிமையைப் பிடித்துக் கொடுக்குமாறு வடநாட்டானையே கட்டாயப்படுத்தும் சட்டம். 1830இல் ஏறத்தாழ இருபது இலட்சமாயிருந்த அடிமைகள் 1860இல் ஏறத்தாழ நாற்பது இலட்சமாயினர். சமரசங்கள் வெள்ளையர் இருதிறத்தாரிடையே அமைதியைக் காத்தன; விலையைக் கொடுத்தவர் அறையில் இல்லாதவர்.

விண்ணப்பத்தைப் புகழும் யாம் அதன் தோல்வியையும் கூறாமலிருத்தல் முறையன்று. வாய்ப்பூட்டு விதி பிறந்த அதே 1836 மே மாதத்தில், செரோக்கி மக்களை அவர்தம் நிலத்தினின்று மேற்கே பெயர்த்தெறியும் நியூ எகோட்டா உடன்படிக்கையைச் செனட் சபை ஒரே வாக்கு மிகுதியால் உறுதி செய்தது. அவ்வுடன்படிக்கையிற் கையெழுத்திட்டோர் செரோக்கியரின் முறையான தலைவரல்லர். தலைவர் ஜான் ராஸும் அவர் மக்களும் ஏறத்தாழ 15,000 பெயர் கொண்ட மறுப்பு விண்ணப்பம் விடுத்தனர். வடநாட்டுப் பெண்களும் அவர்களுக்காக முன்னரே விண்ணப்பித்திருந்தனர். பயனில்லை. 1838இல் படைவீரர் அவர்களை ஓட்டிச் சென்றனர். அப்பயணத்திலும் அதனைச் சார்ந்த முகாம்களிலும் சுமார் நாலாயிரம் பேர் இறந்தனர் என்பர். இதில் நம் தமிழ்நாட்டோடும் ஈழத்தோடும் தொடர்புடைய ஒரு செய்தி உண்டு. 1816இல் யாழ்ப்பாணத்திற்கும் 1834இல் மதுரைக்கும் தொண்டரை அனுப்பிய அமெரிக்கன் போர்டு மிஷன் சங்கத்தைச் சேர்ந்தவரே ஸாமுவேல் வூஸ்டர் என்பவர். அவர் செரோக்கியரிடையே வாழ்ந்து, ஜார்ஜியா மாகாணத்தின் அநீதியான சட்டத்திற்குப் பணிய மறுத்து, 1831இல் நாலாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பெற்றார். அவர் வழக்கில் 1832இல் உயர்நீதி மன்றம் செரோக்கியர் பக்கமே தீர்ப்பளித்தும் நிலம் தப்பவில்லை. அதே சங்கம் அடிமை எசமானரின் நன்கொடையை மறுக்கத் தயங்கியதையும், அது பொறாத சிலர் 1846இல் பிரிந்து அமெரிக்கன் மிஷனரிச் சங்கத்தை நிறுவியதையும் கூறாது விட்டால், நம்மவர் என்னும் பற்றினால் கண்மூடியவராவோம்.

ஆடம்ஸ் 1848 பிப்ரவரி 21இல் சபையில் தம் மேசையருகே மயங்கி விழுந்தார். 23ஆம் நாள் சபாநாயகரின் அறையிலேயே உயிர்நீத்தார். அச்சபையில் அப்போது இல்லினாய் மாகாணத்தினின்று முதன்முறையாக வந்திருந்த பிரதிநிதிகளுள் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். அவ்வாண்டு ஜூலையிலேயே நியூயார்க் மாகாணத்து ஸெனகா பால்ஸ் என்னும் சிற்றூரில் பெண்ணுரிமை மகாநாடு கூடிற்று. அதனைக் கூட்டிய லுக்ரீஷியா மாட், எலிஸபெத் கேடி ஸ்டான்டன் இருவரும், 1840இல் இலண்டனில் நடந்த அடிமை ஒழிப்பு மகாநாட்டில் பெண் பிரதிநிதிகளுக்கு இருக்கை மறுக்கப்பட்டபோது சந்தித்தவர்கள். பிறனுக்காக விண்ணப்பித்துப் பழகிய கை தனக்காகவும் எழுதத் துணிந்தது. அங்கு வெளியிடப்பெற்ற பிரகடனத்தில் 68 பெண்களும் 32 ஆடவரும் ஒப்பமிட்டனர். பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்னும் தீர்மானம் தளர்ந்தபோது எழுந்து ஆதரித்தவர், அடிமையாய்ப் பிறந்து தப்பிவந்த பிரடெரிக் டக்ளஸ்.

1864 பிப்ரவரி 9ஆம் நாள் செனட் சபையில் இரு கறுப்பின ஆடவர் பெரிய காகித மூட்டைகளைச் சுமந்து வந்து சார்ல்ஸ் சம்னரின் மேசைமீது வைத்தனர். அரசியற் சட்டத்தைத் திருத்தி அடிமைத்தனத்தை முற்றும் ஒழிக்குமாறு ஒரு இலட்சம் பேர் விடுத்த விண்ணப்பம் அது. ஸ்டான்டனும் ஸூஸன் அந்தோணியும் முன்நின்று திரட்டியது. ஒப்பமிட்டோரிற் பெரும்பாலோர் பெண்கள். பின்னர்த் தொகை நான்கு இலட்சத்தை நெருங்கிற்று. 1836இல் மேசைமீது வைத்தல் என்பதற்குப் புதைத்தல் என்று பொருள். அன்று மேசைமீது வைத்ததைச் செனட் சபை எடுத்துப் படித்தது. ஏப்ரலில் பதின்மூன்றாம் திருத்தத்தை நிறைவேற்றிற்று. 1865 டிசம்பரில் அது சட்டமாயிற்று. 1868இன் பதினான்காம் திருத்தமோ, வாக்காளரைக் குறிக்குமிடத்தில் ஆண் என்னும் சொல்லை முதன்முறையாக அரசியற் சட்டத்துட் புகுத்திற்று. 1870இன் பதினைந்தாம் திருத்தம் கறுப்பின ஆடவர்க்கு வாக்களித்துப் பெண்களை விடுத்ததா என்னும் பூசலில், தோளோடு தோள் நின்ற டக்ளஸும் ஸ்டான்டனும் எதிரெதிரே நின்று, ஸ்டான்டன் தம் பெருமைக்குத் தகாத சொற்களையும் பேசினார். தெற்கே அந்த ஆடவர்தம் வாக்கும் வரிகளாலும் படிப்புச் சோதனைகளாலும் வன்முறையாலும் பறிக்கப்பட்டு, 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரை மீளவில்லை. பெண்களுக்கு வாக்கு 1920இல் வந்தது. ஸ்டான்டன் 1902இலும் அந்தோணி 1906இலும் காலமாகியிருந்தனர். அவர்கள் திரட்டிய காகிதங்களும், ஆடம்ஸின் காலத்தில் மேசைமீது கிடந்த காகிதங்களும் பலவாக இன்றும் வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.